அக்கா கேட்டதை அப்படியே சொன்ன நாள்

அந்தத் தீவுப் பள்ளிக்கூடத்துக்கு ஆங்கில ஆசிரியையாகப் போய்ச் சேர்ந்த முதல் வருஷத்திலேயே, பாடம் சொல்லிக்கொடுப்பதைவிடக் கடிதம் வாசித்துக் கொடுப்பதுதான் என்னுடைய பெரிய வேலை என்று ஆகிவிட்டது. கனடாவிலிருந்து வந்த படிவம், வங்கிக் கடிதம், ஆஸ்பத்திரித் துண்டு, எதுவானாலும் "ரீச்சரிட்டக் காட்டுவம்" என்று கொண்டுவந்துவிடுவார்கள். என் சொந்த ஊர் நாரந்தனை. திங்கட்கிழமை விடியச் சைக்கிளில் வேலணைக்கு வந்து, குறிகட்டுவான் பஸ்ஸைப் பிடித்து, இறங்குதுறையில் படகு ஏறினால் அதற்குமேல் ஒரு மணித்தியாலக் கடல். வெள்ளி பின்னேரம் வீடு திரும்புவேன். இடைப்பட்ட நாள்கள் ஆசிரியர் விடுதியில்.

தீவுக்கு மின்சாரம் ஒரு பெரிய டீசல் ஜெனரேற்றரிலிருந்து வந்தது. டீசல் கடலால் வரவேண்டும். கடல் குழம்பினால், அல்லது கரையில் எண்ணெய் தட்டுப்பட்டால், பள்ளிக்கூட விசிறி நின்றுவிடும். ஆகவே காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் எடுக்கிற திட்டம் ஒன்று வருகிறது, சீனக் கம்பெனி ஒன்றுக்கு வேலையைக் கொடுத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தபோது எல்லோருக்கும் சந்தோஷம்தான். எனக்கும்.

அதற்கான மக்கள் கூட்டம் எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. வந்திருந்த பொறியியலாளர்களுக்கு ஆங்கிலம் தெரியும், தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்புக்கென்று ஒழுங்கு செய்த ஆள் காலைப் படகைத் தவறவிட்டுவிட்டார். பள்ளிக்கூட அதிபர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதனால் ஒரு பயனும் இருக்கவில்லை.

முதல் அரை மணித்தியாலம் சுகமாகப் போனது. எத்தனை விளக்கு எரியும், கட்டணம் குறையுமா, வேலைக்கு ஊர் ஆட்களை எடுப்பார்களா என்றெல்லாம் கேட்டார்கள். நான் சொன்னேன். அதன் பிறகு மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். தீவின் தெற்குப் பக்கத்தில் ஐந்தாறு மாடு வைத்துப் பாலும் தயிரும் விற்கிறவர். ஐம்பது வயதிருக்கும். எல்லோரும் போல நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"அவை மஞ்சள் நாடா கட்டிவிட்டிருக்கிற இடம் எங்கட நல்ல தண்ணிக் கிணத்துக்குப் பக்கத்தில," என்றார் அக்கா. "அந்தக் காத்தாடிக்கு எவ்வளவு ஆழத்துக்குக் கிடங்கு கிண்டுவினம் எண்டு கேளுங்கோ ரீச்சர். அந்த இடத்தை ஆர் காட்டினது எண்டும் கேளுங்கோ. எங்களிட்ட ஒரு சொல்லுக் கேக்கேல்லை. கொழும்பில இருக்கிறவைக்கு நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் ஒண்டு. குடிக்கிறது நாங்கள்."

பின்னாலிருந்து ஒரு மீனவர் குரல் கொடுத்தார். "போன மாசம் ஒரே நாளில உரத்தை நிப்பாட்டினவை. இனித் தண்ணியையும் நிப்பாட்டப் போயினம். எங்களைக் கேட்டு எதைத்தான் செய்தவை?"

மண்டபம் இரைந்தது. முன்வரிசையில் இருந்த அதிகாரிகள் என்னைப் பார்த்தார்கள். அந்த வருஷம் நான் இடமாற்றத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். அம்மா காலமான பிறகு அப்பா நாரந்தனையில் தனியே இருந்தார். என் விண்ணப்பம் எந்த மேசையில் கிடக்கிறது, யார் கண்ணில் நான் தவறாகப் படக்கூடாது என்பதெல்லாம் அந்த ஒரு விநாடியில் என் தலைக்குள் ஓடின. நான் பொறியியலாளர்களைப் பார்த்து, "மக்கள் திட்டத்தை வரவேற்கிறார்கள். தண்ணீர் குறித்து ஒரு சிறு கவலை இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

எல்லாம் விதிமுறைப்படி நடக்கும், கவலை வேண்டாம் என்று அவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். யாரோ கை தட்டினார். சோடாவும் பிஸ்கற்றும் வந்தன.

கூட்டம் கலைந்தபோது அக்கா பள்ளிக்கூட வாசல் படலையடியில் எனக்காகக் காத்து நின்றார்.

"ரீச்சர், நான் கேட்டது இவ்வளவு நீளம்." கையை அகல விரித்துக் காட்டினார். "நீங்கள் சொன்னது இத்தினூண்டு. இங்கிலீசு அவ்வளவு கட்டையான பாஷையோ?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார். "நேரம் காணாமல் போச்சுது அக்கா," என்று ஏதோ சொன்னேன். அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனால் அங்கே வேறு கூட்டம். அப்பா தோட்டத்தில் தனியே நின்று வெங்காயத்தோடு கதைத்துக்கொண்டிருந்தார். இரசாயன உரம் இனி நாட்டுக்குள் வராது என்று அரசாங்கம் திடீரென்று அறிவித்திருந்தது. வெங்காயத் தாள்களின் நுனி மஞ்சளித்திருந்தது.

"உங்கட அரசாங்கம் இண்டைக்கு என்ன புதுசா நிப்பாட்டியிருக்கு?" என்று கேட்டார் அப்பா.

"அது என்ர அரசாங்கமோ?"

"சம்பளம் ஆர் தாறது?"

அரச உத்தியோகத்தில் இருக்கிற ஒரே காரணத்தால் அந்த வருஷம் முழுவதும் நான் வீட்டில் அரசாங்கத்தின் பிரதிநிதியாக இருந்தேன். சாப்பிட உட்கார்ந்தால் கேள்வி. கை கழுவினால் கேள்வி. "சாணி போடமாட்டன் எண்டு நான் எப்ப சொன்னனான்? இலைகுழையும் போடுவன், சாணியும் போடுவன். ரெண்டு போகம் அவகாசம் தாங்கோ எண்டுதான் கேக்கிறன். ஒரு கமக்காரனைக் கேட்டிருந்தால் அதைச் சொல்லியிருப்பான்." வானொலியில் செய்தி போகும்போது அவர் எழுந்து நின்று அதற்குப் பதில் சொல்லுவார். அந்தப் போகம் பாதித் தரைதான் நட்டார். மீதி தரிசாகக் கிடந்தது. கூட்டத்தில் நான் செய்ததை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சில மாதங்களில் திட்டம் நின்றுவிட்டது. இவ்வளவு கிட்ட வந்து சீனா வேலை செய்வதை இந்தியா விரும்பவில்லை என்று பேப்பர்கள் எழுதின. தீவுக்கு வந்து எங்களுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மஞ்சள் நாடா வெயிலில் வெளிறி, கடைசியில் ஆடுகள் அதைத் தின்றுவிட்டன.

இறங்குதுறையில் படகுக்கு நிற்கும்போது இதுதான் கதை.

"ஒருத்தர் தாறன் எண்டால் மற்றவர் வேண்டாம் எண்டுறார். இருட்டில இருக்கிறது நாங்கள்," என்றார் அன்று கூட்டத்தில் குரல் கொடுத்த அதே மீனவர்.

"இனி இந்தியா தருமாம் அண்ணை," என்றார் படகுக்காரர்.

"முதல் என்ர வலையைத் தரட்டும்."

அந்தப் பருவத்தில் மட்டும் இரண்டு தடவை அக்கரையிலிருந்து வந்த இந்திய இழுவைப் படகுகள் அவருடைய வலையை அறுத்துக்கொண்டு போயிருந்தன. கொழும்பில் இரண்டு நாட்டுத் தலைவர்களும் கைகுலுக்குகிற ஒவ்வொரு தடவையும் அவர் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, படத்தில் சிரிக்கிறவர்களில் ஒருவராவது வலையைப் பற்றிக் கேட்டிருப்பாரா என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் விசாரிப்பார்.

பிறகு நாட்டில் எண்ணெயே இல்லாமல் போனது. எல்லோருக்கும் தெரிந்த வருஷம்தான். பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. படகுச் சேவை குறைந்து குறைந்து, ஒரு கட்டத்தில் நான் மூன்று வாரம் தொடர்ந்து தீவிலேயே தங்க நேர்ந்தது. ஜெனரேற்றர் ஒரு நாளைக்குச் சில மணித்தியாலம் ஓடும், பிறகு ஓயும். மீனவர்கள் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்களைக் கரையில் ஏற்றிவிட்டுச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மூன்று வாரத்தில் ஒரு பின்னேரம் நான் அக்கா வீட்டுக்குப் போனேன். பால் வாங்கப் போவதாகத்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். கல்வேலியைத் தாண்டி உள்ளே போனால் குசினிக்குப் பின்னால், நிழலில், ஒரு பெரிய மண்பானை பாதி மணலுக்குள் புதைந்திருந்தது. அக்கா அதைச் சுற்றிக் கட்டியிருந்த சாக்குக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"இதென்னக்கா?"

"இவரின்ர இன்சுலின்."

அவருடைய கணவர் சர்க்கரை நோயாளி. மின்சாரம் நின்றதும் குளிர்சாதனப் பெட்டி வெறும் அலுமாரியாகிவிட்டது. ஆஸ்பத்திரித் தாதி சொல்லிக்கொடுத்த மாதிரி, ஈரமணலுக்குள் பானை, பானைக்குள் இன்னொரு சட்டி, அதற்குள் மருந்துக் குப்பி. ஒரு நாளைக்கு ஐந்து தடவை தண்ணீர் தெளிக்க வேண்டும். மாட்டை அவிழ்க்கப் போனாலும் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போவாராம்.

"எனக்குக் கறண்ட் வேண்டாம் எண்டு ஆராவது நினைச்சால் இந்தப் பானையை வந்து பாக்கட்டும்," என்றார். "கறண்டும் வேணும், தண்ணியும் வேணும். ரெண்டையும் கேக்கிறது பிழையோ ரீச்சர்?"

பிறகு என்னைத் தன் கிணற்றுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வாளி அள்ளித் தந்தார். இனித்தது என்று சொன்னால் மிகையில்லை. நாலு வளவு தள்ளி இன்னொரு கிணறு இருந்தது. அதிலும் ஒரு வாய் குடிக்கச் சொன்னார். எனக்குத் துப்பத்தான் முடிந்தது.

"இதுவும் நல்ல தண்ணிக் கிணறுதான். கூடத் தண்ணி வரும் எண்டு மிசினால் கல்லை உடைச்சு ஆழமாக்கினவை. ஒரு கோடையோட உப்பாப் போச்சுது. பிறகு எந்த மழைக்கும் திரும்பேல்லை."

விஞ்ஞானப் புத்தகத்தில் அது எனக்குத் தெரிந்த பாடம். சுண்ணக்கல்லுக்குக் கீழே உப்புநீர், அதற்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிற மழைநீர், அவ்வளவுதான் தீவின் குடிநீர். ஆனால் புத்தகத்தில் அதற்கு ருசி இல்லை. இரண்டு கிணற்றுக்கும் நடுவில்தான் முன்பு மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள்.

"அக்கா, அண்டைக்கு நான் பயத்தில சுருக்கிச் சொல்லிப்போட்டன்," என்றேன்.

"தெரியும்."

"அடுத்தமுறை ஒரு சொல்லும் விடமாட்டன்."

"அடுத்தமுறை எண்டு ஒண்டு வந்தால் பாப்பம்." பால் போத்தலுக்கு மூடியைத் திருகித் தந்தார். அன்றைக்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் அந்தச் சாக்குக்கு நானும் தண்ணீர் தெளித்தேன்.

நாட்டின் தெற்கில் சனம் வீதிக்கு இறங்கியது. ஜனாதிபதி நாட்டை விட்டுப் போனார். தீவில் அதை யாரும் வெடி கொளுத்திக் கொண்டாடவில்லை. எங்களுக்கு வரிசையும் தட்டுப்பாடும் யுத்த காலத்திலேயே பழகியவை. ஆனால் அப்பா தொலைபேசியில் சொன்னது நினைவிருக்கிறது. "கேக்காமல் செய்தால் என்ன நடக்கும் எண்டு இப்ப எல்லாப் பக்கத்துச் சனத்துக்கும் விளங்கியிருக்கு, பிள்ளை. அதில ஒரு நன்மை இருக்கு." அந்த வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது.

உரம் திரும்பி வந்தது. படகுகள் ஓடத் தொடங்கின. அடுத்தமுறை என்று ஒன்றும் வந்தது. இந்த முறை இந்தியாவின் உதவியில் அதே மாதிரி ஒரு திட்டம். கூட்டம் கூட்டுறவுச் சங்க மண்டபத்தில். வட இந்தியாவிலிருந்து வந்த பொறியியலாளர்கள் இரண்டு பேர், கொழும்பிலிருந்து ஒரு சிங்கள அதிகாரி. என்னை இந்த முறை முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். நான் உடனே ஓம் என்றேன்.

சுவரில் ஒரு வரைபடம் தொங்கியது. இடத்தைக் குறித்திருந்த சிவப்பு வட்டம் அக்காவின் கிணற்றடியிலேயே இருந்தது. நாடு மாறியிருந்தது, கம்பெனி மாறியிருந்தது, ஆனால் வட்டம் அசையவில்லை. யாரோ பழைய வரைபடத்தை அப்படியே எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அக்கா எழுந்தார். முன்பு கேட்டதையே கேட்டார். இப்போது அதோடு பானையின் கதையும் உப்பான கிணற்றின் கதையும் சேர்ந்திருந்தன. "சீனாக்காரர் வந்தாலும் இந்தியாக்காரர் வந்தாலும் எங்களுக்குச் சந்தோசம்தான். ஆனால் எங்கட தலைக்கு மேலால கதைச்சு முடிச்சுப்போட்டுத்தான் எல்லாரும் வருகினம். இந்தத் தீவில ஆக்கள் இருக்கினம் எண்டு கொழும்புக்கு ஆராவது சொன்னவையோ எண்டு கேளுங்கோ," என்று முடித்தார். மீனவரும் விடவில்லை. "கறண்ட் தர வந்தவையிட்ட என்ர வலையையும் ஒருக்கா விசாரியுங்கோ ரீச்சர்."

நான் வாயைத் திறக்க முதல் கொழும்பு அதிகாரி என் பக்கம் சாய்ந்தார். நாற்பது வயதுக்குள் இருப்பார். தமிழ் ஓரளவு விளங்கும் போல. மெல்லிய குரலில் ஆங்கிலத்தில், "மிஸ், இதைச் சொல்ல வேண்டாம். ஏற்கனவே ஒருமுறை கைவிட்டுப் போன திட்டம். மக்கள் எதிர்க்கிறார்கள் என்று அவர்கள் நினைத்தால் இதுவும் போய்விடும்" என்றார்.

"இவர்கள் எதிர்க்கவில்லை, சேர். இடத்தை மாற்றச் சொல்கிறார்கள்."

"எனக்கு விளங்குகிறது. இன்றைக்கு வேண்டாம்."

அவர் கெட்ட மனிதராகத் தெரியவில்லை. பயந்த மனிதராகத் தெரிந்தார். அந்தப் பயம் எனக்குப் பழக்கமானது. என் இடமாற்ற விண்ணப்பம் இன்னமும் எங்கோ கிடந்தது.

"ரீச்சர், அவர் என்ன சொல்லுறார்?" என்று அக்கா சத்தமாகக் கேட்டார்.

மண்டபம் அடங்கிப்போனது. பிறகு எனக்கே தெரியாமல் வார்த்தை வந்துவிட்டது. "நீங்கள் கேட்டதைச் சொல்ல வேண்டாமாம் அக்கா."

அடங்கியிருந்த மண்டபம் ஒரேயடியாக இரைந்தது. கதிரைகள் இழுபட்டன. கிராம சேவையாளர் எழுந்து கையை உயர்த்தி எல்லோரையும் இருக்கச் சொன்னார். அந்த இரைச்சலுக்குள்ளேயே நான் பொறியியலாளர்களின் பக்கம் திரும்பிச் சொல்லத் தொடங்கினேன். கிணறு, கல், உப்பு, பானை, இன்சுலின், தலைக்கு மேலால் கதைத்தது, கொழும்பு, வலை. ஒன்றையும் பூசி மெழுகவில்லை. நான் பேசப் பேச இரைச்சல் குறைந்து, முடிக்கும்போது விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

பொறியியலாளர்களில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வலையைப் பற்றி நான் ஒன்றும் செய்ய முடியாது. அந்த மனிதரிடம் வருந்துகிறேன் என்று சொல்லுங்கள்," என்றார். "கிணற்றைப் பற்றி ஏதாவது செய்யலாம். எங்கே அது?"

நான் தமிழில் சொன்னதும் அக்கா செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்.

உச்சி வெயிலில் ஒரு ஊர்வலம் போல நடந்தோம். மூத்தவர் குடையோடு முன்னால். அக்கா அவருக்கு முதலில் நல்ல தண்ணீர் கொடுத்தார், பிறகு மற்றதை. இரண்டாவது கிணற்றில் அவர் முகத்தைச் சுளித்தபோது ஊரே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். பிறகு குந்தியிருந்து, கிணற்றின் விளிம்புக் கல்லைத் தடவிப் பார்த்து, இது எத்தனை முழம், அது எத்தனை முழம், எந்த மாதத்தில் நீர் இறங்கும் என்று கேட்கத் தொடங்கினார். அக்கா சொன்னார். சொன்னதை அவர் எழுதினார். இரண்டு போத்தலில் தண்ணீரும் எடுத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது கொழும்பு அதிகாரி என் பக்கத்தில் நடந்தார். கூரான கற்களில் நடந்து அவருடைய சப்பாத்தின் அடி ஒரு பக்கம் கழன்றிருந்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரே தொடங்கினார்.

"உரம் நின்ற வருஷம் என் அப்பா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை," என்றார். "எங்களுக்கு வயல். பொலன்னறுவைப் பக்கம். நான் அரசாங்கத்தில் வேலை செய்கிறேன் என்பதுதான் என் குற்றம்."

"என் அப்பா பேசுவதை நிறுத்தவே இல்லை," என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு, "இங்கே வாயால் சொன்னது கொழும்புக்குப் போய்ச் சேராது, மிஸ். எழுதித் தாருங்கள். ஒவ்வொரு கிணறாக எழுதுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் நீங்கள் எழுதினால் சிங்களத்தில் நான் எழுதுகிறேன். மூன்றும் இருந்தால் ஒருவரும் விளங்கவில்லை என்று ஒதுக்க முடியாது" என்றார்.

அடுத்த இரண்டு சனிக்கிழமை நான் வீட்டுக்குப் போகவில்லை. அக்காவும் இன்னும் ஐந்தாறு பெண்களும் நானுமாகத் தீவைச் சுற்றி நடந்தோம். எந்தக் கிணறு யாருடையது, எவ்வளவு ஆழம், எந்த மாதம் உவர்க்கத் தொடங்கும், எது முன்பு நல்லதாக இருந்து கெட்டது என்று எல்லாம் எழுதினோம். ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாதம். ஓரிடத்தில் கணவனும் மனைவியும் தங்கள் கிணறு உப்பானது எந்த வருஷம் என்று சண்டை பிடித்து, கடைசியில் மூத்த மகள் பிறந்த வருஷத்தை வைத்துத் தீர்த்தார்கள். மாதக்கணக்காக அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்த சனம், அந்த இரண்டு நாளும் அதை மறந்து ஒரு வேலை செய்தது. வலை போன மீனவர்கூட மேற்குக் கரையில், பற்றைக் காட்டுக்குள், பாழடைந்து கிடந்த உப்புக் கிணறுகளை எங்களுக்குக் காட்ட வந்தார். "இந்தப் பக்கம் குடிக்கிற தண்ணி ஒரு சொட்டும் இல்லை. காத்து மட்டும் குறைவில்லை. இஞ்ச போடட்டும்," என்றார். அதை அப்படியே எழுதினேன்.

பட்டியல் மூன்று மொழியிலும் கொழும்புக்குப் போனது. பிறகு ஒன்றும் வரவில்லை. ஒரு மழைக்காலம் போனது, ஒரு கோடை போனது. தேர்தல் வந்தது, அரசாங்கம் மாறியது. எனக்கு வீட்டுக்குக் கிட்ட ஊர்காவற்றுறைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு இடமாற்றம் கிடைத்தது. நான் பயந்த எந்தத் தண்டனையும் எனக்கு வரவில்லை. என்னை அப்படி யாரும் கவனித்துக்கொண்டிருக்கவில்லை என்பதுதான் உண்மை. அதை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் வெட்கம்.

அந்த அதிகாரியும் வேறு திணைக்களத்துக்கு மாறிவிட்டார் என்று கேள்விப்பட்டபோது எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் ஒரு நாள் தொலைபேசியில் கூப்பிட்டார். "நான் அந்தக் கதிரையில் இல்லை. கோப்பு அங்கேதான் இருக்கிறது. திறந்தால் முதல் பக்கம் உங்கள் கிணறுகள்தான். எனக்குப் பின்னால் வந்தவருக்கும் காட்டிவிட்டுத்தான் வந்தேன்," என்றார். அவருடைய அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இந்தப் போகம் நல்ல விளைச்சல், அதனால் தன்னோடு பேசுகிறார் என்றார்.

அதற்குச் சில வாரம் கழித்து அக்காவின் அழைப்பு. நில அளவைக்காரர் திரும்பி வந்திருக்கிறார்கள். வந்தவர்கள் நேரே அவருடைய படலைக்கு வந்து, கையில் எங்கள் பட்டியலின் பிரதியை வைத்துக்கொண்டு, மேற்குக் கரைக்கு எந்த வழியால் போவது என்று கேட்டார்களாம்.

"என்ன சொன்னனீங்கள்?"

"முதல் இருந்து மோர் குடியுங்கோ எண்டு சொன்னனான். பிறகு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினனான். அங்கதான் நாடா கட்டியிருக்கினம் ரீச்சர். எங்கட கிணத்தடியில ஒண்டும் இல்லை."

தொலைபேசியில் அவருடைய மாடு கத்துகிற சத்தம் கேட்டது.

வேலை இன்னும் முடியவில்லை. பொருள் ஏற்றிவருகிற பாதைப் படகு கடல் குழம்பினால் வருவதில்லை. ஜெனரேற்றர் இன்னமும் இடைக்கிடை ஓய்கிறது. வலைகள் இன்னமும் அறுபடுகின்றன, அதைப் பற்றிய பேச்சுவார்த்தைகளும் இன்னமும் நடக்கின்றன. இதையெல்லாம் மறைத்து நல்லது மட்டும் சொல்ல நான் வரவில்லை. ஆனால் மேற்குக் கரையில் அத்திவாரம் போட்டாயிற்று.

போன மாதம் ஒரு சனிக்கிழமை கூட்டுறவுச் சங்க மண்டபத்தில் இன்னொரு கூட்டம் இருந்தது. அக்கா என்னையும் வரச் சொன்னார். அறிவித்தல் துண்டு மூன்று மொழியிலும் இருந்தது. குடையோடு வந்த அதே மூத்த பொறியியலாளர், எல்லோரும் இருந்ததும், முதலில் நீங்கள் கேளுங்கள், பிறகு நாங்கள் பேசுகிறோம் என்றார்.

அக்கா எழுந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஒரு பத்து வருஷத்தால இது பழுதாப் போகும்," என்றார். "நீங்கள் உங்கட நாட்டில இருப்பியள். கொழும்பில இருக்கிறவை எல்லாம் மாறியிருப்பினம். ரெண்டு நாட்டுக்கும் அப்ப கோபமோ நேசமோ ஆருக்குத் தெரியும்? அதால எங்கட பிள்ளையளில கொஞ்சப் பேருக்கு இப்பவே இதைத் திருத்தப் பழக்கிவிடுங்கோ."

நான் மொழிபெயர்த்தேன். இரண்டு பொறியியலாளரும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அது ஒப்பந்தத்தில் இல்லை என்றார் இளையவர். இல்லாவிட்டால் எழுதிச் சேர்க்கக் கேட்கலாம் என்றார் மூத்தவர். முதலில் விருப்பமுள்ளவர்களின் பெயர்களைத் தாருங்கள் என்றார்.

பெயர்கள் எல்லாப் பக்கமிருந்தும் விழத் தொடங்கின. கிராம சேவையாளர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அப்போது வலை போன மீனவர் பின்வரிசையில் எழுந்து நின்று, "என்ர மகளின்ர பேரையும் போடுங்கோ. என்ர வள்ளத்து மோட்டரை அவள்தான் கழட்டிப் பூட்டுறவள். நான் கை வைச்சால்தான் அது பழுதாகும்" என்றார்.

மண்டபம் முழுக்கச் சிரித்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று மூத்த பொறியியலாளர் என்னைக் கேட்டார். நான் சொன்னேன். அவரும் சிரித்துக்கொண்டே, அந்தப் பெண்ணின் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டார். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார்.